வாசகர் கேள்வி – பதில்: கதை எங்கே நீளும்?

கேள்வி: நான் எழுதிய சிறுகதை ஏறத்தாழ 700 சொற்கள் கொண்டது. குருமண்வெளியிலிருந்து ஓர் அண்ணன், மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவையான பாதையில் ஏறி மண்டூர்ப் பக்கம் போகிறான். தங்கையின் கலியாணத்துக்கு முன் அவளுக்கான வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும் என்பதற்காகத் தன் வயற்காணியைப் பெரிய வயற்காரரான போடியாரிடம் ஈடு வைத்துவிட்டுக் கடைசிப் பாதையில் திரும்பி வருகிறான். அவ்வளவுதான் கதை. ஒரு போட்டிக்கு 1,500 சொற்களுக்குக் குறையாமல் கேட்கிறார்கள். வாவியையும் நிலவையும் பாடும் மீனையும் கல்லடிப் பாலத்தையும் வருணித்து நான்கு பந்திகள் சேர்த்தேன். வாசித்த தோழி, சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அலுப்புத் தட்டாமல் கதையை நீட்டுவது எப்படி?
— ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தோழி சொன்னது சரிதான். கல்லடிப் பாலம் அந்த அண்ணன் போகும் வழியிலேயே இல்லை என்பதை நீங்களே அறிவீர்கள். மட்டக்களப்புக் கதை என்றால் அதுவும் பாடும் மீனும் இருந்தாக வேண்டும் என்று யாரோ நமக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள் போலும். நிலவு காய்ந்தாலும் காயாவிட்டாலும் அந்த மனிதனுடைய முடிவில் ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே அந்த நான்கு பந்திகளும் கதைக்கு வெளியே நிற்கின்றன.

நீங்கள் இணைத்து அனுப்பிய கதையில், 'போடியார் சம்மதித்தார்' என்று இரண்டே சொற்களில் ஒரு வாக்கியம் வருகிறது. கதையின் முழுப் பாரமும் அதற்குள் கிடக்க, நீங்கள் அதைத் தாண்டி ஓடிவிட்டீர்கள். 'முடியாது' என்று சொல்லக்கூடிய ஒருவர் எதிரே இருக்கும் இடத்தில்தான் கதை தன் பலத்தில் நீளும். போடியார் உடனே சம்மதிக்க வேண்டிய கட்டாயம் என்ன? அவர் வெற்றிலை வட்டாவை முன்னே தள்ளி, தேத்தண்ணி வரவழைத்து, மழையைப் பற்றியும் யானைத் தொல்லையைப் பற்றியும் பேசிப் பேசி, வந்தவன் தன் காரியத்தைச் சொல்ல இடங்கொடாமலே பொழுதைக் கடத்துகிறார் என்று வையுங்கள். வேறொரு கதையில் இப்படிப்பட்ட உபசாரப் பேச்சை இரக்கமில்லாமல் வெட்டி எறியச் சொல்வேன். இங்கே கடைசிப் பாதை போய்விடுமே என்ற பதற்றம் அண்ணனுக்கு இருப்பதனால், அதே பேச்சு பேரமாக மாறிவிடுகிறது: நேரம் போகப் போக அவன் கேட்கும் தொகை இறங்கும் என்பது போடியாருக்குத் தெரியும், தெரியும் என்பதை அவர் காட்டிக்கொள்ளவும் மாட்டார். இந்த ஒரு சந்திப்பை மட்டும் ஒழுங்காக எழுதினாலே உங்களுக்குத் தேவையான சொற்களில் பாதி கிடைத்துவிடும்.

அடுத்தது, இது எந்த மாதம் நடக்கிறது என்று கதையில் எங்கும் இல்லை. வயற்காணியைப் பற்றிய கதைக்கு இது சிறிய குறை அல்ல. புரட்டாதியில், பெரும்போகத்துக்கு உழுவதற்கு முன்னர் ஈடு வைக்கிறான் என்றால், அவன் இழப்பது வரப்போகும் ஒரு போகத்து நெல்லை. மார்கழியில், பயிர் வளர்ந்து நிற்கும்போது வைக்கிறான் என்றால், தன் கையால் விதைத்ததை இன்னொருவர் அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போது நிற்கும் பயிர் யாருக்கு என்ற கேள்வி அந்தத் திண்ணைப் பேச்சுக்குள் வந்தே தீரும். சூடடித்து முடிந்த பிறகு என்றால், விளைச்சல் ஏன் போதவில்லை என்று வாசகர் கேட்பார், அதற்கும் நீங்கள் விடை வைத்திருக்க வேண்டும். மூன்றும் மூன்று வேறு கதைகள். மார்கழியைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பது என் யோசனை, ஏனென்றால் அதில்தான் இருவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது.

அதைத் தேர்ந்தால் இன்னொரு காட்சிக்கும் வழி பிறக்கும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களில் கதிர் முற்றும் காலத்தில் யானைக் காவலுக்கு ஆள் வேண்டும். வீட்டு வேலைக்குக் காசு இன்னும் போதாமல், தன் காணியிலேயே போடியாருக்காகக் கூலிக் காவலுக்கு அண்ணன் பரணில் ஏறுகிறான் என்றால், ஈடு வைத்த அன்று அவன் செய்த காரியத்தின் பொருளே மாறிவிடுகிறது. இதைச் சேர்ப்பதாயின் கதை கடைசிப் பாதையோடு முடியாது. முடிவை நகர்த்த மனம் வராவிட்டால் இந்தக் காட்சியைத் தொடாதீர்கள். பழைய முடிவையும் வைத்துக்கொண்டு புதிய காட்சியையும் ஒட்டினால் ஒட்டு தெரியும்.

தங்கையைப் பற்றி ஒன்று. வீடு பெண்ணுக்கு என்பது நம் பக்கத்து வழமை என்பதால், அவளிடம் யாரும் எதுவும் கேட்கத் தேவையில்லை என்று நீங்களும் நினைத்துவிட்டீர்கள். அவள் ஒரு தரம் வாய் திறக்கட்டும். 'அண்ணா, கூரை போடாட்டியும் பரவாயில்ல, வயல்வட்டையை விடாதீங்க' என்று அவள் புறப்படும்போது சொல்லியிருந்தால், அதன் பிறகு போடியார் முன்னால் அவன் அமர்ந்திருப்பதற்கு வேறு கனம் உண்டு. அவள் சொல்வது அவன் முடிவைச் சிறிதேனும் அசைக்காவிட்டால் அவளை மௌனமாகவே விட்டுவிடலாம்.

வருணனையே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக வரலாம், அந்த மனிதனுடைய கண்ணால் வர வேண்டும். பாதையில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் ஊர்க்காரர் ஒருவர், 'என்ன தம்பி, போடியார் வீட்டுக்கா?' என்று கேட்டுவிட்டால், அக்கரை சேரும்வரை அவன் எங்கும் இறங்கிப் போக முடியாது. அந்த நிலையில் அவன் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்போது வாவியைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். சேர்த்த பந்தி தேவைதானா என்று ஐயம் வந்தால், அதை நீக்கிவிட்டுக் கடைசிக் காட்சியை வாசியுங்கள். அங்கே எதுவும் விளங்காமல் போகவில்லை, எதுவும் இலேசாகிவிடவில்லை என்றால் அந்தப் பந்தி வெளியேற வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்தும் 1,200 சொற்களில் கதை நின்றுவிடலாம். அப்படியானால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போட்டிக்கு வேறொன்றை எழுதுவதே நல்லது.

கேள்வி: ஓய்வுபெற்ற பஸ் நடத்துனர் ஒருவரைப் பார்க்க, நெடுங்காலம் பேச்சில்லாதிருந்த தம்பி மத்திய கிழக்கிலிருந்து வருகிறார். 3,000 சொற்களில் உள்ள இந்தக் கதையை, அவருடைய இளமைக்கால நினைவுகளைச் சேர்த்துக் குறுநாவலாக்கலாமா?
— ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஆக்கலாம், நினைவுகள் இன்று அவரை ஏதேனும் செய்ய வைக்குமானால். இதற்கு நல்ல உதாரணம் டேனியல் கீஸ் எழுதிய 'பிளவர்ஸ் ஃபோர் அல்ஜர்னன்'. 1959இல் சிறுகதையாக வந்ததை அவர் 1966இல் நாவலாக்கினார். அறிவு குன்றிய ஒருவர் அறுவைச் சிகிச்சையால் மேதையாகி, மீண்டும் பழைய நிலைக்கு இறங்குவது என்ற எலும்புக்கூட்டை அவர் தொடவில்லை. சிறுகதையில் ஏறக்குறைய இடமே பெறாத தாயும் தந்தையும் தங்கையும் நாவலில் வருகிறார்கள். நாயகனின் அறிவு வளர வளர மறந்துபோன குழந்தைப் பருவம் அவன் நினைவில் மேலெழுகிறது. அந்த நினைவுகளே அவனைத் தந்தையின் முடிதிருத்தும் கடைக்கும் பின்னர் தாயின் வீட்டு வாசலுக்கும் அனுப்புகின்றன. பழையது வந்து நிகழ்காலத்தில் ஒரு காட்சியைப் பெற்றுப் போடுகிறது.

நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அமெரிக்காவின் அறிவியல் புனைகதை விருதான நெபியூலாவின் விதிப்படி 7,500 சொற்களுக்குக் குறைந்தது சிறுகதை, 17,500 முதல் 40,000 வரையானது குறுநாவல். ஆங்கிலத்தில் பல சொற்களாக நிற்பவை தமிழில் ஒன்றாக ஒட்டிவிடுவதால் அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது.

உங்கள் நடத்துனருக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது தாய்வழி வளவு ஒன்றினால் என்று கதையில் ஒரு வரி வருகிறது. அந்தச் சண்டையைப் பழைய காட்சியாக விரிக்க விரும்பினால், அது முடியும் இடத்தில் அவர் எழுந்து போய் அலுமாரியில் அந்தக் காணி உறுதியைத் தேட வேண்டும். அதைத் தம்பிக்குக் காட்டுவாரா, மறைப்பாரா, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதை மகள் முதலில் வாசித்துவிடுவாளா என்று பாருங்கள். அதில் ஏதாவதொன்று நடந்தால் உங்களுக்கு அடுத்த அத்தியாயம் உண்டு. எதுவும் நடக்காவிட்டால் அந்த ஒரு வரியே போதும்.