வியர்க்காத குதிரைதான் என்னை யோசிக்க வைக்கிறது

கேள்வி: கடலோர ஊரில் இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். ஒன்று பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை. திரண்ட உடம்பு, சேணம் கட்டிய பத்தே நிமிடத்தில் நுரை தள்ள வியர்க்கும். இன்னொன்று ஒடிசலான மார்வாரி (ராஜஸ்தான் குதிரை இனம்), அவ்வளவாக வியர்க்காது. 40 கி.மீ. நெடுந்தூர சவாரிக்கு எதைப் பழக்கலாம்?

பதில்: உடல்வாகை மட்டும் பார்த்தால் மார்வாரிதான். ஓடும்போது தசை செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்கு சூடாகத்தான் மாறுகிறது. திரண்ட உடம்பில் அந்தச் சூடு தங்கிவிடும். ஒடிசல் உடம்பில் எடைக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் வெளியேறும். கலிபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கப், 24 மணி நேரத்துக்குள் 160 கி.மீ. மலைப்பாதையைக் கடக்க வேண்டிய போட்டி. அதில் சிறுகூடான அரபுக் குதிரைகளே பெரும்பாலும் ஜெயிக்கின்றன.

ஆனால் "அவ்வளவாக வியர்க்காது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட முடியாது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வை சுரப்பதே குறைந்துபோகும். அதைத் தெரியாமல் ஓட்டினால் உயிருக்கே ஆபத்து. ஒருநாள் காலையில் அரை மணி நேரம் ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட மித ஓட்டம்) ஓட்டிவிட்டு, சேணத்தை எடுத்து அதன் அடியிலும் கழுத்திலும் பின்தொடை இடுக்கிலும் கை வைத்துப் பாருங்கள். தோல் சுடுகிறது, ஆனால் காய்ந்திருக்கிறது, மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்குகிறது என்றால் சவாரியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தரோபிரெட்டின் நுரை நோயல்ல. குதிரை வியர்வையில் லாதெரின் என்ற புரதம் உண்டு. கடிவாள வார் கழுத்தில் உரசும் இடத்தில் சோப்புப் போட்டதுபோல வெள்ளையாகத் திரள்வது அதனால்தான். ஓடுவதற்கு முன்பே வியர்த்தால் பெரும்பாலும் பதற்றம். பந்தயக் குதிரைக்குச் சேணம் என்றாலே ஓட்டம் என்று பழகிப்போயிருக்கும். பொறுமையாக நடக்க வைத்தால் படிப்படியாகத் தணியும்.

எது வியர்த்தாலும் உப்பை மறக்காதீர்கள். கடும் வெயிலில் ஒரு குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேல் வியர்வை இழக்கலாம். நம் வியர்வையைவிட அதில் உப்பு மிக அதிகம். தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போய்விடுவதால் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறுவதில்லை, குதிரைக்குத் தாகமும் தெரிவதில்லை. உடம்பு வறண்டிருக்கும், வாளியை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தினமும் தீவனத்தில் 30 கிராம் சாதாரண உப்பு போடுங்கள். நீண்ட சவாரி நாளில் கூடுதல் தேவை. ஆனால் தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்பைப் புகட்டவே கூடாது.

ஓட்டம் முடிந்ததும் தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம். 15 நிமிடம் கழித்து, குதிரையின் இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்துடிப்பை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 64க்குள் இறங்கியிருக்க வேண்டும், சர்வதேசப் போட்டிகளில் பல காலமாகப் பார்க்கும் அளவு அதுதான். இரண்டு குதிரைகளையும் ஒரே பாதையில், ஒரே வேகத்தில் பத்து கி.மீ. ஓட்டி இந்தக் கணக்கை நோட்டில் எழுதி வாருங்கள். மார்வாரி நன்றாக வியர்த்து, துடிப்பும் சீக்கிரம் இறங்கினால், சரி, அதையே பழக்குங்கள்.