மலை இறங்கிய கையோடு கடற்கரைக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: நாலு நாள் மலையேற்றம். இறங்கிய அன்று வலியே இல்லை. மறுநாள் நண்பர்களோடு மணலில் உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டதா?

பதில்: இல்லை. அது ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்திலேயே ஏறக்குறைய போய்விடும். உங்கள் வலி இறக்கத்தில் வந்தது. இறங்கும்போது முன் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் நார்களில் நுண்ணிய காயம் ஏற்படுகிறது. 1 முதல் 3 நாளில் உச்சம், ஒரு வாரத்தில் சரியாகும். மெல்ல நடமாடுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் உடனே மருத்துவமனை.

கேள்வி: உப்புத் தண்ணீர் கால் கொப்புளத்தை ஆற்றுமாமே?

பதில்: ஆற்றாது. உடையாததை உடைக்காதீர்கள். உடைந்திருந்தால் நல்ல தண்ணீரில் கழுவிக் கட்டுப் போட்டு, கடலையும் மணலையும் தள்ளியே வையுங்கள்.

கேள்வி: ஆறு பேர். எல்லோருக்கும் நன்றாக நீச்சல் தெரியும். இறங்கிய அன்று மாலையே கடலில் குளிக்கலாமா?

பதில்: எந்தக் கடற்கரை, உயிர்காப்பாளர் உண்டா, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? ஒன்றையும் எழுதாமல் "குளிக்கலாமா" என்று கேட்டால் என் பதில் "வேண்டாம்"தான். மாதாமாதம் இந்தக் கேள்வி வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்குப் பதறுகிறது. மலையை முடித்தவர்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் அளவு கடந்த நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கால்கள் களைத்தவை, உடம்பில் நீர் குறைவு, தசை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் வேகமெடுத்தால் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். அதை எதிர்த்து யாராலும் நீந்த முடியாது. அலை உடையும் இடங்களுக்கு நடுவே அமைதியாகத் தெரிகிறதே ஒரு பாதை, பலரும் பத்திரம் என்று நினைத்து இறங்குவது அங்கேதான். இழுப்பு இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். மாட்டிக்கொண்டால் மல்லுக்கட்டாமல் மிதந்துகொண்டிருங்கள், கையை உயர்த்துங்கள், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள். நண்பன் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கும் எதையாவது வீசுங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன சம்பவங்கள் ஏராளம். மது அருந்தியிருந்தால் கணுக்கால் தண்ணீர் கூட வேண்டாம். ஒரு நாள் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டு, உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மறுநாள் குளியுங்கள். கடல் எங்கும் போய்விடாது.

கேள்வி: மணலில் வெறுங்காலோடு பந்து விளையாடலாமா?

பதில்: இரண்டு நாள் பொறுங்கள். இளகிய மணலில் நடக்கவே கெட்டித் தரையைப் போல இரண்டு மடங்கு உழைப்பு. ஈர மணலில் உலாவலாம். கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் தாழ்ந்தே நிற்கும். போன வழியே திரும்பி வந்தால் இரண்டு முழங்காலுக்கும் சமமாகும்.

கேள்வி: வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு வெயிலில் படுக்கலாமா?

பதில்: நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். முதலில் தண்ணீர், அப்புறம் நிழல். மறுபடியும் சொல்கிறேன்: சிறுநீர் நிறத்தைப் பாருங்கள்.

கேள்வி: நனைந்த பூட்ஸை மணலில் வெயிலுக்கு வைக்கலாமா?

பதில்: நிழலில், காற்றில். கடும் சூட்டில் பசை விட்டுவிடும்.

கேள்வி: மலையிலிருந்து பத்து மணி நேரம் பேருந்தில் வந்தேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. நண்பர்கள் தேய்த்துவிடுகிறேன் என்கிறார்கள்.

பதில்: தேய்க்க விடாதீர்கள். இரத்தக் கட்டியாக இருக்கலாம். இதைக் கடிதத்தில் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கவே கூடாது; இன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசர சிகிச்சைக்கு.