வாசகர் கேள்வி: இலக்கியமும் திரைப்படமும் ஒரே படிப்பில்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இலக்கியத்தையும் திரைப்படத்தையும் ஒரே பட்டப்படிப்பாகப் பயில விரும்புகிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாகிவிடும் என்று என் ஆசிரியர் தடுக்கிறார். நாவல்கள் எப்படிப் படமாகின்றன என்பதற்கு மேல் இதில் கற்க என்ன இருக்கிறது?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் ஆசிரியரின் அச்சத்தில் நியாயம் உண்டு. மூலக்கதையிலிருந்து படம் எங்கெங்கே விலகியது என்று கணக்கெடுப்பதோடு படிப்பு நின்றுவிட்டால் அவர் சொல்வதே நடக்கும். ஆனால் சொல்லுக்கு எளிதாக இருப்பது காட்சிக்கு ஏன் கடினமாகிறது என்று கேட்கத் தொடங்கினால், இரு துறைகளும் ஒன்றையொன்று ஆழப்படுத்துகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922இல் வெளியிட்ட சிறுகதை ஒன்று, ஒரு மரணத்தைப் பற்றிய ஏழு வாக்குமூலங்களால் மட்டுமே ஆனது. எது உண்மை என்று சொல்லக் கதைசொல்லி எவரும் அதில் இல்லை. அதனை அடிப்படையாகக் கொண்டு அகிரா குரோசவா 1950இல் ‘ரஷோமோன்’ படத்தை எடுத்தார். இங்கே தமிழறிந்த மாணவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘கொன்றான்’ என்பதைக் ‘கொன்றானாம்’ என்று மாற்றினால் போதும், சொல்பவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள, கேட்பவரிடம் ஐயம் பிறந்துவிடுகிறது. கேமராவுக்கு அந்த ‘ஆம்’ கிடையாது. அது காட்டுவதெல்லாம் நடந்ததாகவே கண்ணுக்குத் தோன்றுகிறது. அந்த ஐயத்தைக் குரோசவா வேறு வழிகளில் உண்டாக்க வேண்டியிருந்தது. சாட்சி சொல்லும் கொள்ளைக்காரனின் கூற்றில் அவனுக்கும் இறந்தவனுக்கும் இடையே வீரமாக நிகழும் வாட்சண்டை, மூலக்கதையில் இல்லாததும் படத்திற்காகச் சேர்க்கப்பட்டதுமான விறகுவெட்டியின் பிற்கூற்றில், நடுங்கும் கைகளோடு தடுமாறி விழும் இருவரின் அச்சமாக மாறுகிறது. விசாரணையில் சாட்சிகள் கேமராவை நோக்கிப் பேசுகிறார்கள்; விசாரிப்பவரின் முகமோ குரலோ படத்தில் இல்லாததால் அந்த இருக்கை பார்வையாளருக்கு வந்துசேர்கிறது. இதைக் கண்டுகொண்ட பிறகு சிறுகதைக்குத் திரும்பிப் பாருங்கள், அதன் மௌனம் முன்னிலும் கனமாகத் தெரியும்.

நாவலோடு மட்டும் ஒப்பிட வேண்டியதில்லை. சோவியத் இயக்குநர் ஐசென்ஸ்டைன் 1929இல் எழுதிய கட்டுரையில் ஹைக்கூ என்னும் ஜப்பானியக் குறுங்கவிதையை, துண்டுக் காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பொருள் உண்டாக்கும் படத்தொகுப்போடு இணைத்துப் பேசினார். கவிதை சினிமாவுக்கு நெருக்கமானது என்றே நானும் கருதுகிறேன்.

இலக்கியத்திலிருந்து வரும் மாணவர்கள் படத்தைப் பற்றி எழுதச் சொன்னால் கதைச்சுருக்கத்தையே எழுதிவிடுகிறார்கள். இப்பழக்கத்தை விடுவது கடினம். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை ஒலியின்றிப் பார்த்து, ஒவ்வொரு ஷாட்டும், அதாவது வெட்டின்றி ஓடும் ஒவ்வொரு துண்டும், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எத்தனை தொலைவிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது, அடுத்து எந்த ஷாட்டுக்கு வெட்டிச் செல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள்.

சேர்வதற்கு முன் துறையிடம் இரண்டைக் கேட்டறியுங்கள். திரைமொழி, அதாவது ஷாட், வெட்டு, ஒலி ஆகியவற்றால் படம் பேசும் முறை, முதலாண்டிலேயே தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறதா? எந்த நூலையும் தழுவாத படங்கள் பாடத்திட்டத்தில் உள்ளனவா? இரண்டிற்கும் இல்லை என்ற விடை வருமானால், அந்த இடத்தைப் பொறுத்தவரை உங்கள் ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள்.