ஆட்டுத்தலை மரியாதை

கேள்வி: கஜகஸ்தானில் அல்மாட்டி தாண்டி, சின்ன ஊர் எதற்காவது போயிருக்கிறீர்களா? – வாசகி, தெம்பனிஸ்

பதில்: சீன எல்லையை ஒட்டிய ஜார்கென்டுக்குப் போயிருக்கிறேன். 1892-இல் முடிந்த மசூதியைப் பார்க்கத்தான் பயணம். சீனக் கோயில் போல வளைந்த கூரை, மரவேலை பிரமாதம். வெளியே வந்து சந்தைக்கு வழி கேட்டதுதான் தாமதம், ஒரு தாத்தா வீட்டுக்கே இழுத்துப் போய்விட்டார். அங்கே ஏதோ விசேஷம். விருந்தாளி என்று வேகவைத்த ஆட்டுத்தலையை, பல்லும் தாடையுமாக, என் முன்னால் வைத்தார்கள். சிங்கப்பூர் தேக்காவில் தலைக்கறி தின்று வளர்ந்தவனுக்கே கை தயங்கியது. காதை அறுத்துப் பேரனிடம் கொடுக்கச் சொன்னார் தாத்தா. தின்றால் பெரியவர் பேச்சைக் கேட்பானாம். (பையனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை!) தேநீரைக் கோப்பையில் பாதிதான் ஊற்றினார்கள். கஞ்சத்தனம் இல்லை, திரும்பத் திரும்ப ஊற்றித் தருவதுதான் அங்கே உபசாரம். அப்புறமென்ன, அல்மாட்டி வண்டி போயே போய்விட்டது. நீங்கள் போனால் காலையில் பசியாற வேண்டாம்.