பறவைக்கும் மலேரியா வருமா?

கேள்வி: காட்டுப் பறவைகளுக்குக்கூட மலேரியா வரும்னு கேள்விப்பட்டேன், நிஜமா சார்? நமக்கும் தொத்திக்குமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிஜம்தாம்மா, ஆனா நமக்குத் தொத்தாது. ரெண்டுக்கும் காரணம் பிளாஸ்மோடியம்ங்கிற கிருமிதான், ஆனா இனம் வேற. கொசு உடம்புல இந்தக் கிருமி வளர்ந்து, எச்சில் சுரப்பிக்கு வந்து, கடிக்கும்போது அடுத்த உயிருக்குள்ள போகுதுன்னு ரொனால்ட் ராஸ் 1898-ல கல்கத்தாவுல நிரூபிச்சதே பறவைகளை வெச்சுத்தான்.

பறவையோட சிவப்பணுல நம்மளுது மாதிரி இல்லாம உட்கரு இருக்கும். ஒரு சொட்டு ரத்தத்த ஸ்லைடுல மெலிசா இழுத்து ஜீம்சா சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாத்தீங்கன்னா, அந்த ஊதா உட்கருவ ஓரமா தள்ளிட்டு கிருமி உக்காந்திருக்கும், அதுக்குள்ள கரும்பழுப்பா பொடிப்பொடியா துகள் தெரியும்.

தலைமுறை தலைமுறையா இந்தக் கிருமியோடவே வாழ்ந்த பறவைங்க பெரும்பாலும் தாங்கிக்கும். ஹவாய் பறவைங்களால அது முடியல, எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. பசிபிக் கடல்ல இருக்குற அந்தத் தீவுகள்ல முன்னாடி கொசுவே கிடையாது, 1826 வாக்குல கப்பல்ல வந்து இறங்குனது நம்மூர் சாக்கடைல இருக்குற அதே க்யூலெக்ஸ், யானைக்கால் பரப்புதே அதேதான். அப்புறம் வெளியூர்ப் பறவைங்களோட கிருமியும் வந்துருச்சு. ஈவின்னு ஒரு பறவை, ரத்தச் சிவப்பு உடம்பு, வளைஞ்ச அலகு, பூவுல தேன் குடிக்கும், கிருமி உள்ள ஒரே ஒரு கொசு கடிச்சாலே பத்துல ஒன்பது செத்துப்போகுதுன்னு ஆய்வுல பாத்திருக்காங்க. இதுல காட்டுப்பன்னி வேற, மரப்பெரணியச் சாய்ச்சு உள்ள இருக்குற மாவத் தின்னுட்டுப் போக, குடைஞ்ச இடத்துல மழைத்தண்ணி தேங்கி கொசு முட்டையிடுது.

13 டிகிரிக்குக் கீழ கொசுக்குள்ள கிருமி வளராது, அதனால 1,500 மீட்டருக்கு மேல உள்ள மலைக்காடுதான் இத்தன நாளும் அதுங்களுக்குப் புகலிடம். இப்ப பூமி சூடாக சூடாக கொசுவும் மேல ஏறுது. 2023-ல அமெரிக்க அரசு அழிஞ்சுபோச்சுன்னு அறிவிச்ச லிஸ்ட்ல 8 ஹவாய் காட்டுப் பறவைங்க, பல இனம் போனதுக்கு இந்த நோய் பெரிய காரணம்.

அதே வருஷக் கடைசில ஹவாயோட மாவி தீவுல ஆண் கொசுக்கள விட ஆரம்பிச்சாங்க. ஆண் கொசு கடிக்காது, அதுக்குள்ள வேற வகை வோல்பாக்கியா பாக்டீரியா இருக்குறதால அங்க உள்ள பெண் கொசுவோட சேர்ந்தா முட்டை பொரியாது. மருந்து தெளிச்சா காட்டுல மத்த பூச்சியும் சேர்ந்து சாகும், அதனால எனக்குத் தெரிஞ்சு இதுதான் உருப்படியான வழி. விட்டுட்டே இருக்கணும், நிறுத்துனா கொசு திரும்பப் பெருகிரும்.