லேடீஸ் வார்டுதான், ஆனா கவுன்சிலர் யாரு?

வணக்கம் அக்கா,

நான் ஒரு சின்ன நகராட்சியில இருக்கேன், வீட்லயே டியூஷன் எடுக்கிறேன். எங்க வார்டு போன தடவை பெண்களுக்குன்னு ஒதுக்கின வார்டு. இப்ப இருக்கிற கவுன்சிலரம்மாவை நான் நேர்ல பாத்ததே அபூர்வம், எல்லாத்துக்கும் அவங்க வீட்டுக்காரர்தான் வருவாரு, நாங்களும் அவரைத்தான் கவுன்சிலர்னு கூப்பிட்டுப் பழகிட்டோம். அடுத்த எலக்‌ஷன்ல நான் நிக்கலாமான்னு ஒரு ஆசை. என் வீட்டுக்காரரோட மாமா ஒரு கட்சியில பொறுப்புல இருக்காரு, "பேரு மட்டும் குடும்மா, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்"னு சொல்றாரு. அதுதான் உறுத்துது. சரி சுயேச்சையா நிக்கலாம்னா டெபாசிட்டே வராதுன்னு பயமுறுத்துறாங்க. எங்க தெருவுல சாக்கடையும் தண்ணியும் பெரிய பிரச்னை, அதை வெச்சே ஜெயிச்சிட முடியுமா? ஜெயிச்சா டியூஷனை விடணுமா? பேர் போட்டுடாதீங்க, ஊர் சின்னது.

- ஒரு வாசகி

வணக்கம்மா,

பேர் போடல, ஊரும் போடல. நில்லுங்க. ஆனா யாரா நிக்கப்போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க, ஏன்னா உங்க லெட்டர்ல சாக்கடையை விட பெரிய விஷயம் மாமா சொன்ன அந்த ஒரு வரிதான்.

முதல்ல டெபாசிட் பயத்தைப் பாப்போம். 2022ல நகராட்சி வார்டுக்கு டெபாசிட் 2,000 ரூபா, எஸ்சி எஸ்டின்னா அதுல பாதி. பதிவான செல்லுபடி ஓட்டுல ஆறுல ஒரு பங்கு வாங்கினா திரும்பி வந்துடும். வரலைன்னாலும் குடி முழுகிடாது. அந்தத் தேர்தல்ல தமிழ்நாட்டுல 138 நகராட்சி, மொத்தம் 3,843 வார்டு, அதாவது சராசரியா ஒரு நகராட்சிக்கு இருபத்தெட்டு வார்டு. உங்க வார்டுல ஒரு 1,800 ஓட்டு இருக்குன்னு வெச்சுக்குவோம். நகராட்சிகள்ல அப்ப 68 சதவீதம் பதிவாச்சு (சென்னையில 44 கூட தாண்டல, அது வேற கதை), அப்ப பூத்துக்கு வர்றது சுமாரா 1,220 பேரு. அஞ்சு பேர் போட்டின்னா 450 ஓட்டு வாங்கினவங்க ஜெயிக்க நல்ல சான்ஸ் இருக்கு. 450 ஓட்டுன்னா எத்தனை வீடு? ஒரு நூத்தம்பது இருநூறு வீடு. நீங்க டியூஷன் எடுத்த பசங்களோட வீடெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, பாதி தூரம் வந்துட்டீங்கன்னு உங்களுக்கே தெரியும். எம்எல்ஏ எலக்‌ஷன் மாதிரி அலை, கூட்டணி, டிவி எல்லாம் இங்கயும் கொஞ்சம் இருக்கும்தான், ஆனா கதவைத் திறக்கிறவங்க "அட நம்ம மிஸ்"னு சொல்றதுக்கு இருக்கிற வெயிட்டு வேற.

வாக்காளர் பட்டியலை வாங்கி வெச்சுக்கோங்க, இப்பவே. 2022ல ஒரு ஃப்ரெண்டு நின்னப்போ நான் பூத் ஏஜென்ட்டா உக்காந்தேன், அதுக்கு முன்னாடி அவளோட சேந்து பட்டியலை பென்சிலோட வீடு வீடா சரி பாத்தோம், அப்பதான் புரிஞ்சது. செத்துப்போனவங்க பேர் அப்படியே இருக்கு, கல்யாணமாகி வெளியூர் போன பொண்ணுங்க பேர் இருக்கு, பக்கத்து வார்டு தெரு ஒண்ணு பாதி இங்க பாதி அங்கன்னு இருக்கு. ஒரு பெரியவரு எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு தன்னோட பேர் ஏன் இல்லன்னு ஒரு மணி நேரம் திட்டினாரு, என் ஃப்ரெண்டுதான் அவருக்கு ஃபாரம் எழுதிக் குடுத்து பேரை சேர்த்துவிட்டா. அந்த வீட்டுல அத்தனை ஓட்டும் அவளுக்குத்தான் விழுந்துச்சுன்னு அவங்களே கூப்பிட்டு சொன்னாங்க. ஜெயிச்சாளான்னு கேப்பீங்க. இல்ல, ரெண்டாவது வந்தா. டெபாசிட் வந்துடுச்சு.

இப்பவேன்னு ஏன் சொல்றேன்னா சுயேச்சைக்கு டைம் ரொம்ப கம்மி. 2022 கால அட்டவணையைப் பாருங்க: ஜனவரி 28 வேட்புமனு ஆரம்பம், பிப்ரவரி 4 கடைசி நாள், 5 பரிசீலனை, 7 வாபஸ், 19 ஓட்டுப்பதிவு. வாபஸ் முடிஞ்சப்புறம்தான் சுயேச்சைக்கு சின்னம். கட்சிக்காரங்க சின்னம் அவங்க தாத்தா காலத்துலேர்ந்து சுவத்துல இருக்கு, உங்களுக்கு ஏதோ ஒரு சீப்போ குடமோ கிடைச்சு அதை அத்தனை வீட்டு பாட்டிங்க மனசுலயும் பத்து நாள்ல ஏத்தணும். சின்னம் புதுசா இருக்கலாம், மூஞ்சி புதுசா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ரிசர்வேஷன் விஷயம் ஒண்ணு. போன தடவை லேடீஸ் வார்டா இருந்ததால அடுத்த தடவையும் அப்படியே இருக்கும்னு எழுதி வெச்சுக்காதீங்க, அறிவிப்பு தேர்தல் நெருங்கும்போதுதான் வரும், வார்டு எல்லையே கூட மாறலாம். ஆனா பொது வார்டுலயும் பெண் நிக்கலாம்கிறதை நம்ம ஆளுங்க வசதியா மறந்துடுவாங்க. பெண்களுக்கு அம்பது சதவீத வார்டுன்னு சட்டம் சொல்றது குறைஞ்சபட்சம்தான்.

சாக்கடையும் தண்ணியும். இங்கதான் நான் உங்களோட கொஞ்சம் சண்டை போடணும். அதை வெச்சு ஜெயிக்க முடியாது, ஏன்னா நிக்கிற அஞ்சு பேரும் அதையேதான் சொல்லப் போறாங்க. அதோட அது ஒரு கவுன்சிலர் கையில இருக்கிற விஷயமும் இல்ல. பாதாள சாக்கடைன்னா திட்ட மதிப்பீடு, அரசு நிதி, கடன், பல ஊர்ல குடிநீர் வடிகால் வாரியம் வேலையை எடுத்து செய்யும், அது உங்க அஞ்சு வருஷத்தையும் தாண்டி ஓடும். உங்க கையில நிஜமா இருக்கிறது என்னன்னா தெரு லைட்டு எரியலைன்னா யாருக்கு போன் பண்ணணும், தண்ணி வரலைன்னா ஃபிட்டர் எந்த வால்வை எப்ப திறக்குறாரு, குப்பை வண்டி ஏன் உங்க கடைசி சந்துக்குள்ள வரமாட்டேங்குது, சுகாதார ஆய்வாளர் யாரு, இதெல்லாம்தான். கேக்க சப்புனு இருக்கும். ஆனா ஜனங்க கவுன்சிலர்கிட்ட எதிர்பாக்குறதுல முக்காவாசி இதுதான், அதை சாக்கடைத் திட்டம் கொண்டு வருவேன்னு சொல்றதை விட நேர்மையா சொல்லவும் முடியும்.

மீதி கால்வாசி கூட்ட ஹால்ல நடக்குது. அதைப் பத்தி யாருமே வார்டுல பேச மாட்டாங்க, ஏன்னா அது கண்ணுக்குத் தெரியாது. நான் ஒரு நகராட்சிக் கூட்டத்தை உக்காந்து பாத்தேன், எந்த ஊர்னு வேணாம். அஜெண்டா தடிமனா ஒரு கட்டு. எழுத்தர் எழுந்து பொருள் எண் ஒண்ணுன்னு ஆரம்பிச்சு ரயில் மாதிரி வாசிக்கிறாரு, பல பேர் இன்னும் முதல் பக்கத்தைக் கூட திருப்பல, மேடையிலிருந்து "ஆல் பாஸ்"னு ஒரு குரல், ரெண்டு பேர் மேசையைத் தட்டுறாங்க, முடிஞ்சது. எனக்கு முன்னாடி வரிசையில ஒரு கவுன்சிலரம்மா அஜெண்டாவுல ஒரு டெண்டர் தொகைக்குக் கீழ பேனாவால கோடு போட்டு வெச்சிருந்தாங்க, கேக்கணும்னுதான் வந்திருக்காங்க, எழுந்திருக்கவும் செஞ்சாங்க, அதுக்குள்ள எல்லாரும் டீக்கு எழுந்துட்டாங்க. வாசல்ல வீட்டுக்காரருங்க நாலஞ்சு பேர் பைக் மேல சாஞ்சு நின்னுட்டிருந்தாங்க, உள்ள என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருந்துச்சு.

அந்த அஜெண்டாவுல என்னென்ன வரும்னு ஒரு உதாரணம் சொல்றேன். 2022 மார்ச் 2ல எல்லாரும் பதவி ஏத்தாங்க. ஏப்ரல் பொறந்த உடனே சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்துச்சு, கட்டிடத்தோட சைஸ், வகை, ஊரைப் பொறுத்து 25லேர்ந்து 150 சதவீதம் வரைக்கும். பதினஞ்சாவது நிதிக்குழு மானியம் வேணும்னா வரியைத் திருத்தணும்னு நிபந்தனைன்னு அரசு காரணம் சொல்லுச்சு. அதை நகராட்சி மன்றமும் தீர்மானமா நிறைவேத்தணும். யோசிச்சுப் பாருங்க, ஒரு மாசம் முன்னாடிதான் கையெடுத்துக் கும்பிட்டு ஓட்டு வாங்கியிருக்கீங்க, முதல் பெரிய தீர்மானமே அந்த வீட்டு வரியை ஏத்துறது. எதிர்த்தா மானியம் போகும், ரோடு வராது. ஆதரிச்சா தெருவுல தலை காட்ட முடியாது. நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? என் அபிப்பிராயம், ஏத்துறதுக்குக் கை தூக்கிட்டு, ஏன் தூக்கினேன்னு தெருவுல வந்து சொல்றவங்களுக்குத்தான் அந்தப் பதவி. பல பேர் ரெண்டும் பண்ணல, அன்னைக்கு லீவு போட்டாங்க. (ரொம்ப லீவும் போட முடியாது, தொடர்ந்து மூணு மாசம் கூட்டத்துக்கே வரலைன்னா பதவிக்கே ஆபத்து.)

சரி, கட்சியா சுயேச்சையா. கட்சின்னா அழுக்கு, சுயேச்சைன்னா சுத்தம்னு நான் நம்பல. சீட்டு கிடைக்காத கோவத்துல போட்டி வேட்பாளரா நிக்கிறவரும் சுயேச்சைதான். ஜெயிச்ச அன்னைக்கு ராத்திரியே உங்க சுயேச்சைத்தனத்துக்கு பரீட்சை வந்துடும். இப்ப இருக்கிற முறையில சேர்மனை ஜனங்க நேரடியா தேர்ந்தெடுக்கிறதில்ல, கவுன்சிலருங்கதான் ஓட்டு போடுறாங்க. 2011ல நேரடியா இருந்துச்சு, 2022 மார்ச் 4ல மறைமுகமா நடந்துச்சு. இருபத்தெட்டு பேர் இருக்கிற மன்றத்துல பதினஞ்சு வேணும், ஒரு பக்கம் பதினாலு இருந்தா உங்க ஒரு ஓட்டுக்கு இருக்கிற மரியாதையை நீங்க வாழ்க்கையில பாத்திருக்க மாட்டீங்க. கார் வரும், டூர் கூப்பிடுவாங்க, உங்க போனைப் பிடுங்கி வெச்சுக்குவாங்க. கட்சித் தாவல் தடைச் சட்டம்னு நாம சொல்றது பத்தாவது அட்டவணை, அது எம்பி எம்எல்ஏக்கு, உங்களுக்கில்ல. கட்சிக் கட்டுப்பாடே அன்னைக்கு எவ்வளவு தாங்கும்கிறதுக்கு அந்த மார்ச் 4 சாட்சி, கூட்டணிக்கு ஒதுக்கின இடங்கள்ல திமுககாரங்களே நின்னு ஜெயிச்சு, முதலமைச்சர் ஸ்டாலினே அவங்களை ராஜினாமா பண்ணச் சொல்லி அறிக்கை விட வேண்டியதாச்சு.

அதனால மாமாவோட கட்சியில நிக்கிறதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். கட்சி இருந்தா பூத்துல உக்கார ஆள் இருக்கும், ஆபீஸ்ல உங்க லெட்டருக்கு பதில் சீக்கிரம் வரும், அது நிஜம். ஆனா "மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்"கிறதுல அந்த மத்தது என்னன்னு இப்பவே உக்கார வெச்சுக் கேளுங்க. செலவு யாரோடது? திருப்பி எப்படி எடுக்கப் போறாங்க? வார்டு வேலைக்கு கான்ட்ராக்ட் எடுக்கிற ஆளு மாமாவுக்கு யாரு? தீர்மானப் புத்தகத்துல கையெழுத்து உங்களோடது, நாளைக்கு தணிக்கை, கேஸுன்னு வந்தா பேர் கூப்பிடறது உங்களைத்தான், பைக் மேல சாஞ்சு நின்னவரை இல்ல. அதே மாதிரி தேர்தல் செலவுக் கணக்கு, ரிசல்ட் வந்து முப்பது நாளுக்குள்ள குடுக்கணும், தோத்தாலும் குடுக்கணும், இல்லன்னா மூணு வருஷம் நிக்க முடியாது. இந்த டாபிக் எழுதினா உத்திரமேரூர் கல்வெட்டை இழுக்காம யாரும் விட மாட்டாங்க, நானும் இழுத்துடறேன்: குடவோலையைப் பத்தி எல்லாரும் பெருமையா பேசுவோம், அதே கல்வெட்டுல கணக்கு காட்டாதவங்களோட சொந்தக்காரங்க கூட நிக்கக் கூடாதுன்னு இருக்கு, அதை மட்டும் மேடையில யாரும் சொல்றதில்ல. மாமாகிட்ட சொல்லிப் பாருங்க.

உங்க வீட்டுக்காரர் இதுல எங்க இருக்காருன்னு லெட்டர்ல ஒரு வரி கூட இல்ல. அவருக்கு ஆசை இல்லன்னா நல்லது, இருந்தா இன்னும் நல்லது, ஆனா அவர் பொது வார்டுல நிக்கட்டும். நோட்டீஸ்ல, ஃபிளெக்ஸ்ல போடற போன் நம்பர் உங்களோடதா இருக்கணும், எடுக்கிறதும் நீங்களா இருக்கணும். ஃபிட்டரோ மேஸ்திரியோ அவருக்கு போன் பண்ண ஆரம்பிச்சிட்டா அப்புறம் உங்களால அதை மாத்தவே முடியாது.

எலக்‌ஷன் வரைக்கும் என்ன பண்றதுன்னா, உங்க வார்டுல ஏரியா சபை நடக்குதான்னு பாருங்க. 2022 நவம்பர் 1லேர்ந்து நகர்ப்புறத்துலயும் வந்தாச்சு, கிராம சபை மாதிரி, ஆனா பல வார்டுல நடக்குறது ஜனங்களுக்கே தெரியாது. நடந்தா போய் உக்காந்து கேள்வி கேளுங்க, நடக்கலைன்னா ஏன் நடக்கலைன்னு ஆணையாளருக்கு எழுதிக் குடுத்து அந்த காப்பியில சீல் வாங்கி வெச்சுக்கோங்க. கூட நாலு அம்மாக்களைக் கூட்டிட்டுப் போங்க. அந்த நாலு பேர்தான் பிப்ரவரி வெயில்ல உங்களோட நடக்கப் போறவங்க.

டியூஷனை விடாதீங்க. நகராட்சி கவுன்சிலருக்கு 2023 ஜூலைலேர்ந்து மாசம் 5,000 ரூபா மதிப்பூதியம், போனுக்கும் பெட்ரோலுக்கும் வார்டுல வர்ற கல்யாணத்துக்கு மொய் வைக்கவுமே அது பத்தாது. சொந்தமா ஒரு வருமானம் இருந்தாதான் யாராவது கவர் நீட்டும்போது வேணாம்னு சொல்ல முடியும். சாயங்கால பேட்ச்சை மட்டும் காலைக்கு மாத்திக்கோங்க, ஆறு மணிக்கு மேலதான் ஜனங்க வேலை முடிஞ்சு வந்து வீட்டு வாசல்ல நிப்பாங்க.