ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றி, டாலஸ் வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, எச்1பி விசாவில் டாலஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது, கரூரில் இருக்கும் அப்பாவுக்கு மாதம் 2,000 டாலர் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அப்பார்ட்மெண்டில் ஒரு தமிழர், "எனக்கு ஸெல்லில் (இங்கே வங்கிக் கணக்குக்கு வங்கிக் கணக்கு பணம் அனுப்பும் சேவை, Zelle) போடுங்கள், என் ஆட்கள் இரண்டு மணி நேரத்தில் அப்பா கணக்கில் போட்டுவிடுவார்கள், கூகுள் ரேட்டைவிட இரண்டு ரூபாய் அதிகம்" என்கிறாராம். இதில் தப்பு உண்டா என்பது உங்கள் கேள்வி. இரண்டு ரூபாய் என்றால் மாதம் நாலாயிரம் ரூபாய். புதிதாக வந்தவருக்கு அது பெரிய பணம்தான், ஆசை வருவதும் இயல்பு. ஆனாலும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் செய்வதற்கு நம் ஊரில் உண்டியல் என்று பெயர். டாலர் இங்கேயே அவரிடம் தங்கிவிடும். அங்கே வேறு யாரோ ரூபாயை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பயம் தருகிற இடம்.

எனக்குத் தெரிந்த ஒரு நண்பரின் அப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் இப்படி அனுப்பிய பணம் அவர் கணக்கில் நான்கு துண்டாக விழுந்தது: 49,500, 38,000, 45,000, 20,000. நான்கும் அவருக்குத் தெரியாத நான்கு பெயர்களிலிருந்து. மூன்று வாரம் கழித்து மாத்திரை வாங்கப் பணம் எடுக்க ஏடிஎம் போனார். அட்டை வேலை செய்யவில்லை. வங்கியில் கேட்டால், வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் சொல்லிக் கணக்கை முடக்கியிருக்கிறோம் என்றார்கள். அந்த நான்கில் ஒன்று, ஆன்லைன் மோசடியில் யாரோ ஏமாந்து கொடுத்த பணம். பென்ஷனும் அதே கணக்கில்தான் வரும். ஒரு தாளில் தன் பெயர், மகன் பெயர், பணம் வந்த கதை எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, எழுபது வயதில் கிளை மேலாளர் அறை வாசலில் நின்றிருக்கிறார். கணக்கு திறக்க நான்கு மாதம் ஆனது. அனுப்பியவர் யார் என்று கேட்டபோது அவரால் காட்ட முடிந்த ரசீது ஒன்றுமில்லை. மகனிடமும் இல்லை.

அதோடு, இந்தியாவின் ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் இருப்பவர் சொல்லி, அனுமதி பெற்ற அமைப்பு வழியாக இல்லாமல் பணம் வாங்குவதே தவறு. அபராதம் அந்தத் தொகையைப் போல மூன்று மடங்குவரை போகலாம். அதாவது மாட்டுவது உங்கள் அப்பாவும்தான்.

இனி இந்தப் பக்கம். அமெரிக்காவில் ஊர்ப்பணம் அனுப்பும் தொழிலுக்கு மணி டிரான்ஸ்மிட்டர் லைசென்ஸ் வேண்டும். அதைக் கொடுப்பது மாநிலம். வாஷிங்டனில் இருக்கும் கூட்டரசு, அதாவது மத்திய அரசு, ஒரே லைசென்ஸாகக் கொடுத்துவிடுவதில்லை. நீங்கள் இருக்கும் டெக்ஸஸில், ஆஸ்டினில் இருக்கும் மாநில வங்கித் துறை கொடுக்கிறது, கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் அந்தந்த மாநிலத் துறைகள். ஒரு கம்பெனி நாடு முழுக்கத் தொழில் செய்ய, ஏறக்குறைய ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். வீடு மாறி வேறு மாநிலம் போனதும் பணம் அனுப்பும் பழைய ஆப் "உங்கள் பகுதியில் சேவை இல்லை" என்று சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். பணக் குற்றங்களைக் கண்காணிக்கும் கூட்டரசின் ஃபின்சென் அமைப்பில் பதிவு செய்வது வேறு, லைசென்ஸ் வேறு. யாராவது ஃபின்சென் பதிவுத் தாளை மட்டும் காட்டி "நாங்கள் அரசு அங்கீகாரம் பெற்றவர்கள்" என்றால் நம்பாதீர்கள். அது பெயரைப் பதிவு செய்ததற்கான அடையாளம், அவ்வளவுதான்.

லைசென்ஸ் இல்லாமல் செய்வது கூட்டரசுச் சட்டத்தில் குற்றம், ஐந்து ஆண்டுவரை சிறை. மாநில லைசென்ஸ் தேவை என்றே தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உங்கள் அப்பார்ட்மெண்ட்காரர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் ஒருநாள் அவர் கணக்கை யாராவது பார்த்தால், மாதாமாதம் 2,000 டாலர் போட்டவர் என்று உங்கள் பெயரும் அதில் இருக்கும். விசாவில் இருப்பவருக்கு அந்த விசாரணையே பெரும் பாரம்.

லைசென்ஸ் என்றால் சுவரில் மாட்டுகிற தாள் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. உங்கள் பணம் கையை விட்டுப் போனதிலிருந்து அப்பா கைக்குப் போகும்வரை, அது யாருடைய பொறுப்பு? லைசென்ஸ் இருக்கிற கம்பெனி மாநிலத்துக்கு ஷூரிட்டி பாண்ட் என்கிற உத்தரவாதப் பத்திரம் கொடுத்திருக்கும். இன்னும் பட்டுவாடா ஆகாமல் இருக்கிற பணத்துக்கு ஈடாக, ரொக்கம் போன்ற பத்திரமான சொத்தை எப்போதும் வைத்திருக்க வேண்டும். எந்த மாநிலத்தில் எவ்வளவு பணம் வாங்கினோம் என்று காலாண்டுக்கு ஒரு முறை கணக்கு கொடுக்க வேண்டும். இந்த அறிக்கை முறை 2017ல் வந்தது. மாநிலங்கள் சேர்ந்து வந்து தணிக்கையும் செய்கின்றன. கேஷ் ஆப் என்ற பணம் அனுப்பும் ஆப்பை நடத்தும் பிளாக் நிறுவனத்துக்கு 2025 ஜனவரியில் 48 மாநிலங்கள் சேர்ந்து 8 கோடி டாலர் அபராதம் போட்டன, பணச்சலவைத் தடுப்பில் குறை இருந்ததற்காக. ஆக, பெரிய பெயர் என்று யாரையும் விட்டுவைப்பதில்லை. முன்பு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறாக இருந்தது. 2021ல் மாநில வங்கி மேற்பார்வையாளர்கள் சேர்ந்து ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். டெக்ஸஸில் 2023 செப்டம்பர் 1 முதல் அந்த வழியில்தான் நடக்கிறது, இப்போது பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் முழுதாகவோ பகுதியாகவோ ஏற்றுக்கொண்டுவிட்டன.

நான் வந்த புதிதில் எல்லாமே கடைதான். டாலஸ் பக்கத்து இர்விங்கில் மளிகைக் கடை மூலையில் கண்ணாடித் தடுப்பு, பின்னால் ஒருவர், பிரிண்டரில் நீளமாக வரும் ரசீது. அந்தக் கடைக்காரருக்குச் சொந்தமாக லைசென்ஸ் இருக்காது. லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனியின் ஏஜெண்ட். அது சட்டப்படி சரிதான். 2014ல் தங்கை கல்யாணத்துக்கு மண்டப பாக்கி 3,000 டாலர் அப்படித்தான் அனுப்பினேன். வியாழக்கிழமை கிடைக்கும் என்று ரசீதில் இருந்தது. ஒன்பது நாள் ஆகியும் போகவில்லை. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அம்மா தினமும் போனில் அழுதார். அப்புறம்தான் ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: முதலில் கம்பெனியிடம் புகார் செய்யுங்கள், தீராவிட்டால் டெக்ஸஸ் வங்கித் துறைக்கு எழுதுங்கள் என்று முகவரியோடு இருந்தது. இரண்டு இடத்துக்கும் எழுதினேன். பணம் போய்ச் சேர்ந்தது, கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ரசீதை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2013 அக்டோபரில் வந்த கூட்டரசு விதி எனக்கு உதவியது. பணம் கட்டுவதற்கு முன்பே ரேட், கட்டணம், அங்கே எத்தனை ரூபாய் கிடைக்கும் என்று எழுத்தில் காட்ட வேண்டும். கட்டிய பிறகு, பணம் இன்னும் அங்கே போய்ச் சேராதிருந்தால், அரை மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். தவறு நடந்தால் 180 நாளுக்குள் புகார் செய்யலாம், அவர்கள் 90 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். உண்டியல்காரரிடம் இதில் எதைக் கேட்பீர்கள்?

இப்போது நான் கடைக்குப் போவதே இல்லை, என் வட்டத்தில் எல்லோரும் போன் வழியாகத்தான். 2026 ஜனவரி முதல் ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர் செக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் 1 சதவீதம் வரி. இங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்தோ டெபிட் கார்டிலோ அனுப்பினால் அந்த வரி இல்லை. நம்மைப் போல அனுப்புபவர்கள் ஏராளம்: ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி 2023-24ல் இந்தியாவுக்கு வந்த 11,870 கோடி டாலரில் 27.7 சதவீதம் அமெரிக்காவிலிருந்து போனது. அதனால் போட்டியும் இருக்கிறது, ரேட்டும் பரவாயில்லை. இரண்டு மூன்று ஆப்களில் ஒரே நேரத்தில் 2,000 டாலர் போட்டு, கடைசியில் கிடைக்கும் ரூபாயை மட்டும் ஒப்பிடுங்கள். "கட்டணம் இல்லை" என்ற வரியைப் பார்க்காதீர்கள், அதை ரேட்டில் எடுத்துவிடுவார்கள்.

லைசென்ஸ் பார்க்க, என்எம்எல்எஸ் கன்ஸ்யூமர் ஆக்சஸ் (NMLS Consumer Access) என்று ஒரு இணையதளம் இருக்கிறது, மாநிலங்களின் லைசென்ஸ் பதிவேடு, இலவசம். ஆப்பின் அடியில் என்எம்எல்எஸ் எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் போட்டால் எந்தெந்த மாநிலத்தில் லைசென்ஸ் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று வரும். பட்டியலில் டெக்ஸஸ் இருக்க வேண்டும். நேரடியாக வங்கி அனுப்பினால் இந்த லைசென்ஸ் தேவையில்லை. ஆப் ஏதோ ஒரு வங்கியின் பெயரையோ வேறு கம்பெனியின் பெயரையோ சொன்னால், அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, இந்தியாவில் இருக்கும் உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ (NRO) கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிவிடுங்கள். பலர் வருடக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள்.

அப்பார்ட்மெண்ட்காரரிடம் சண்டை வேண்டாம். "நான் ரசீது வருகிற இடத்தில்தான் அனுப்புவேன், அப்பாவுக்கு நாளைக்குக் கேள்வி வரக் கூடாது" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். முதல் தடவை 100 டாலர் மட்டும் அனுப்புங்கள். அப்பா பாஸ்புக்கில் பதிந்து எத்தனை ரூபாய் வந்தது, யார் பெயரில் வந்தது என்று சொல்லட்டும். ரசீதோடு சரியாக இருந்தால் மீதியை அனுப்புங்கள்.